ஒட்ட வெட்டிடுங்க

சலூன்காரர் கேட்டது முடிவெட்டு மாதிரி ஒரு வெட்டுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பிற்பாடு தெருவில் ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். அவருக்கு மரத்தின் மேல் பகை என்றார்கள். விறகுக்காரனிடம் ஏதோ வாங்கிக்கொண்டார் என்றுகூட ஒரு வாய் சொன்னது. எல்லாம் சுத்தப் பொய். அந்த மனிதர் வாயைத் திறந்தால் கடைப் பேச்சுதான் வரும், அவர் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

கடை வாசலில் நின்றது ஒரு தூங்குமூஞ்சி மரம். சாயங்காலமானால் இலையை மடக்கிக்கொண்டு தூங்கிவிடும். பகலெல்லாம் விழித்திருந்து பாதித் தெருவை மூடிக்கொண்டு நிற்கும். சலூன் மேற்குப் பார்த்த கடை. மதியத்துக்கு மேல் வெயில் நேராக உள்ளே வந்து உட்கார வேண்டியது, மரம் அதை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தது. அடியில் ஒரு நீள பெஞ்சு. முடிவெட்ட வந்தவர்கள் அதில் காத்திருப்பார்கள் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. எதிர்க்கடைக்கு மருந்துச் சீட்டோடு வந்தவர்கள், பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும் அம்மாமார்கள், சவாரி கிடைக்காத வாடகை வண்டிக்காரர்கள், வீட்டில் இருந்தால் சண்டை வரும் என்று பேப்பரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆசாமிகள், எல்லோருக்கும் அதுதான் இடம். அந்த ஊரில் காசு கொடுக்காமல் உட்காரக்கூடிய இடம் வேறு எது இருந்தது? ஆனால் அதை யாரும் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

கடைக்கு மேலே மாடியறை. அங்கேதான் சலூன்காரரும் மனைவியும் குடியிருந்தார்கள். மனைவி ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு தைப்பாள். ஜன்னலைத் திறந்தால் கிளை. அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வெளிச்சம் கண்ணில் பட்டால் அன்றைக்கு முழுக்கப் படுக்கைதான். அந்த இலைக்குள்ளே வடிகட்டி வருகிற வெளிச்சத்தில் மட்டும் அவளால் ஊசியில் நூல் கோக்க முடிந்தது.

வினை பெயர்ப்பலகை உருவத்தில் வந்தது. நகரில் புதிதாக ஏசி போட்ட சலூன்கள் நாலு முளைத்துவிட்டன, நாமும் சும்மா இருக்கக் கூடாது என்று சலூன்காரர் கடையைப் புதுப்பித்தார். சுழல் நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலே விளக்கு எரிகிற பெரிய பலகை. அதில் ஆங்கிலத்தில் ஒரு பெயர், பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல். மாட்டி முடித்ததும் முக்குவரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். கத்தரிக்கோலின் ஒரு கைப்பிடி தெரிந்தது. மிச்சமெல்லாம் இலை.

கூடவே வந்திருந்த மச்சினன் சும்மா இருந்திருக்கலாம். அவன் வாய் சும்மா இருக்குமா? “போர்டு வெச்சீங்களா மாமா, இல்ல மரத்துக்கு நகை பண்ணிப் போட்டீங்களா?” என்று கேட்டுவிட்டான். சலூன்காரருக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே நகராட்சியின் புகார் எண்ணுக்குப் போன் போட்டார். மனைவி வேண்டாம் என்றுதான் சொன்னாள். இலை உதிர்கிற காலம் வந்தால் போர்டு தானே தெரியும், அவசரப்படாதீர்கள் என்றாள். கொஞ்சம் ஒதுக்கிவிடத்தானே சொல்லப்போகிறேன், நீ எதற்கு இப்படிப் பதறுகிறாய் என்று அவர் அடக்கிவிட்டார்.

சில நாள் கழித்து ஒரு ஆள் வந்தான். மரத்தைச் சுற்றி வந்தான், அண்ணாந்து பார்த்தான், அடிமரத்தில் சிவப்புப் பெயின்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டான். சலூன்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நகராட்சி இவ்வளவு சுறுசுறுப்பா என்று அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவனும் குடித்துவிட்டுப் போய்விட்டான். அந்தக் குறி என்ன சொல்கிறது என்று இவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கேட்டது மருந்துக்கடை அக்கா. எதிர்க்கடைக்காரி. கல்லாவில் உட்கார்ந்தபடியே தெரு முழுக்கக் கண் வைத்திருப்பவள். முக்கில் அந்த ஆளை மடக்கி விசாரித்துவிட்டு, மாத்திரை வாங்க வந்தவரை அப்படியே நிற்கவைத்துவிட்டுத் தெருவைத் தாண்டி வந்தாள்.

“என்னண்ணே, மரத்தை அடியோட எடுக்கச் சொன்னீங்களாமே?”

சலூன்காரர் சிரித்தார். அடியோடவா, யார் சொன்னது, சும்மா ஒதுக்கிவிடத்தான் என்றார். அவள் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை மிஷினோடு வருகிறார்கள், தரை மட்டத்துக்கு எடுக்கிறார்கள், அவனே சொன்னான் என்றாள். நாற்காலியில் பாதி முகச் சவரத்தோடு இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சலூன்காரரின் கையில் கத்தி அப்படியே நின்றது.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு அவரைப் பிய்த்துப் போட்டுவிட்டது. மரத்தை ஒரு நாளும் ஏறிட்டுப் பார்க்காதவர்களுக்கெல்லாம் திடீரென்று அது உயிராகிவிட்டது. நியாயம் என்று ஒருவர் உண்டு. எதைச் சொன்னாலும் ‘நியாயமாப் பார்த்தா’ என்று ஆரம்பிப்பதால் வந்த பெயர். பெஞ்சின் இடது ஓரம் அவருக்குப் பட்டா போட்ட இடம். அவர் எழுந்து நின்று, நியாயமாகப் பார்த்தால் இது ஒரு தனி ஆளின் மரமே இல்லை, தெருவின் சொத்து, இதன் மேல் கைவைக்க இவருக்கு என்ன உரிமை என்று முழங்கினார். வண்டிக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். சலூன்காரர் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். கேட்க ஆள் வேண்டுமே!

மாடிக்குப் போனால் மனைவி ஜன்னலருகே நின்று இலை மடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கே போய் ரத்து பண்ணிவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நகராட்சிக்குப் போனார். முதல் கவுண்டரில் இரண்டாவது கவுண்டரைக் காட்டினார்கள். இரண்டாவதில் மாடிக்குப் போகச் சொன்னார்கள். மாடியில் சாப்பாட்டு நேரம். அது முடிந்து ஆள் வந்ததும், போனில் பதிவான புகாருக்குக் கீழேதான் கேட்கணும், முதல் கவுண்டருக்குப் போங்க என்றார்கள். அவருக்கு மண்டை காய்ந்துவிட்டது. திரும்ப முதல் கவுண்டருக்கே வந்து, நான் மரத்தை எடுக்கச் சொல்லவே இல்லையம்மா, உங்கள் ஆட்கள் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று சண்டைக்கு நின்றார்.

அந்தப் பெண் பொறுமைசாலி. எல்லாப் போனும் பதிவாகும் சார், கேட்டுப் பாருங்கள் என்று கம்ப்யூட்டரைத் தட்டினாள். சலூன்காரரின் குரல், அவருக்கே கொஞ்சம் அந்நியமாக, ஸ்பீக்கரில் வந்தது.

“கடை வாசல்ல ஒரு மரம்மா. அளவில்லாம வளந்து கிடக்கு. போர்டே தெரியல. ஆள விட்டு ஒட்ட வெட்டிடுங்க.”

“ஒட்டவா சார்?”

“ஆமாம்மா. நல்லா ஒட்ட.”

சலூன்காரர் ஒரு நாளைக்கு எத்தனை தலைக்கு அந்தச் சொல்லைச் சொல்கிறார்! ஒட்ட வெட்டவா, மீடியமா வைக்கவா, பக்கத்தில் மட்டும் எடுக்கவா? அவர் கடையில் ஒட்ட வெட்டிக்கொண்டு போனவன் அடுத்த மாதம் முடியோடு திரும்பி வருவான். மரத்துக்கு ஒட்ட என்றால் தரையோடு என்பது அவர் புத்தியில் ஒரு நொடிகூடத் தட்டவில்லை. கேட்டது எங்கே, கிடைக்கப்போவது எங்கே!

மரப் பிரிவு அதிகாரியிடம் அழைத்துப் போனார்கள். சலூன்காரர் தன் கட்சியை எடுத்துச் சொன்னார். “ஐயா, நான் சலூன் வெச்சிருக்கேன். எங்க பாஷையில ஒட்ட வெட்டுன்னா முடியைத்தான் எடுப்போம். தலையையா எடுக்கிறோம்?”

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து அறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, அந்தப் பதிவை இன்னொரு தரம் போடச் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். சலூன்காரரும் கூடச் சேர்ந்து அசடு வழியச் சிரித்தார். இவ்வளவு சிரிக்கிறவர்கள் ரத்து பண்ணாமலா இருப்பார்கள் என்று நம்பினார் பாவம்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரி, அது முடியாது என்றார். புகாரைப் பார்க்கப் போன ஆள், எடுக்கச் சொன்னால் எடுக்க ஒரு காரணம் வேண்டுமே என்று, வேர் நடைபாதையைத் தூக்குகிறது, கிளை மின்கம்பியைத் தொடுகிறது, ஆபத்தான மரம் என்று பதிந்துவிட்டானாம். ஆபத்து என்று ஒரு முறை பதிவாகிவிட்டால் அதை நீக்க எவனுக்கும் துணிச்சல் வராது. நாளைக்கு ஒரு கிளை முறிந்து ஒருத்தன் தலையில் விழுந்தால், நிறுத்தியவன் யார் என்றுதான் முதலில் தேடுவார்கள். பதிலுக்குப் புறவழிச் சாலையில் கன்று நடுகிறோம், கவலைப்படாதீர்கள் என்றார். புறவழிச் சாலையில் நட்ட கன்று எந்தக் காலத்தில் வந்து எங்கள் பெஞ்சுக்கு நிழல் கொடுக்கும் என்று சலூன்காரர் கேட்டார்.

ஆனால் அதிகாரி கொஞ்சம் இரக்கம் உள்ளவர். அத்தனை சிரித்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கும். “ஒண்ணு பண்ணுங்க. எது நடந்தாலும் நாங்க பொறுப்புன்னு தெருக்காரங்க சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் நிறுத்தி வைக்கிறேன்.”

சலூன்காரர் கிட்டத்தட்ட ஓடியே வந்தார். இது ஒரு வேலையா? நேற்றுத் தன்னைக் கிழித்தவர்கள் அத்தனை பேரும் மரத்துக்காகக் கிழித்தவர்கள்தானே. கையெழுத்துக்கு அடிதடியே நடக்கும் என்று நினைத்துக்கொண்டார். கடைக்குள் நுழைந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பேனாவை அவர் பையிலிருந்து தானே உருவி முதல் கையெழுத்தைப் போட்டாள். அவர் அதற்குக் கீழே போட்டார். நேற்றிலிருந்து அப்போதுதான் அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

அதோடு சரி. அந்தத் தாளில் அதற்குப் பிறகு மை படவில்லை.

மருந்துக்கடை அக்கா வரி வரியாகப் படித்தாள். எது நடந்தாலும் என்று போட்டிருக்கிறதே, எது என்றால் எது என்று கேட்டாள். கடை அவர் பேரில் இருக்கிறது, அவரைக் கேட்காமல் போடக் கூடாது என்றாள். அவர் என்பது அவள் கணவர். அந்தக் கடையில் அவரைக் கேட்டு அவள் ஒரு பாட்டில்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. வண்டிக்காரர்களில் மூத்தவர், மரத்தடியில் நிற்பது என் வண்டி, கிளை அதன் மேலேயே விழுந்தால் எனக்கு நானே நஷ்டம் கொடுக்கவா என்றார். அம்மாமார்கள் குழந்தைகளுக்கு நிழல் வேண்டும் என்று உருகினார்கள், பேனாவைக் கண்டதும் வேன் வந்துவிட்டது என்றார்கள். வேன் வரவில்லை.

கடைசியாக நியாயத்திடம் போனார். அவர் பேப்பரை மடித்து வைத்தார், கண்ணாடியைத் துடைத்தார்.

“நியாயமாப் பார்த்தா, மரம் நகராட்சியோடது. அப்ப பொறுப்பும் அவங்களோடதுதானே?”

“நேத்து தெருவோட சொத்துன்னீங்களே.”

“சொத்து வேற, பொறுப்பு வேற” என்றார் நியாயம், மறுபடி பேப்பரை விரித்தார். அந்த நிழலில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார். சலூன்காரருக்கு அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழித்துப் போடலாமா என்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தார். நாம் யார் இன்னொருவரைச் சொல்ல, பலகைக்கு ஆசைப்பட்டது நாம்தானே என்று நினைத்தபோது கோபம்கூட முழுசாக வர மறுத்தது.

இரண்டு கையெழுத்தோடு போனார். ஒரே வீட்டு இரண்டு பேர் ஒரு தெரு ஆகமாட்டார்கள் என்று அதிகாரி சொன்னார். அன்று அவர் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை மிஷின் வாளோடு வந்துவிட்டார்கள். மேஸ்திரி அந்தக் கடையில் பலமுறை முடி வெட்டிக்கொண்டவர். சலூன்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடுங்கள், பாதி உயரத்தில் விட்டாலும் துளிர்த்துவிடும் என்று கெஞ்சினார். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். “எனக்கும் ஆசைதாண்ணே. ஒட்டன்னு போட்டிருக்கு. மிச்சம் வெச்சா என் வேலை போயிடும்.”

தெருவே கூடி நின்று பார்த்தது. பொறுப்பெடுக்க வராத கைகள் எல்லாம் போனைத் தூக்கிப் படம் பிடித்தன. முதல் பெரிய கிளை விழுந்தபோது அம்மாமார்களில் ஒருத்தி வாய்விட்டு அழுதாள். அழுகை உண்மைதான், அதைச் சந்தேகப்பட ஒன்றுமில்லை. சலூன்காரர் கடைக்குள்ளே நின்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் வலிக்காது என்று யாரோ சொன்ன மாதிரி, திரும்பி நின்று கண்ணாடியில் பார்த்தார். பெரிய கண்ணாடி, எல்லாம் தெரிந்தது. கிளைகள் போகப் போக, அந்தக் கடை தன் ஆயுளில் பார்த்திராத வெளிச்சம் ஒன்று தரையில் ஏறி, நாற்காலியில் ஏறி, கண்ணாடியில் பட்டு, அவர் முகத்தில் வந்து நின்றது.

மேஸ்திரி நல்ல வேலைக்காரர். அடிமரத்தைத் தரை மட்டத்துக்கு, கால் தடுக்காதபடி, ஒரு பிசிறில்லாமல் வழித்து எடுத்துவிட்டார். எல்லோரும் போன பிறகு சலூன்காரர் அதன் மேல் நின்று பார்த்தார். ஒட்ட வெட்டுவது என்றால் இதுதான்.

அதற்குப் பின் நடந்ததில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. கோடை வந்தது. மதியத்துக்கு மேல் வெயில் கடைக்குள் வந்து கண்ணாடியில் பட்டு, நாற்காலியில் உட்காருபவன் கண்ணைக் குத்தியது. திரை போட்டார். திரைக்குள் புழுங்கியது. ஏசி சலூன்களில் இதெல்லாம் இல்லையே என்று வாடிக்கைக்காரர்கள் வாய்விட்டே சொன்னார்கள், சிலர் சொல்லாமலே போய்விட்டார்கள். பெஞ்சில் வைத்த கை பொரிந்துவிடும், அதனால் அதில் யாரும் உட்காரவில்லை. வண்டிக்காரர்கள் பேருந்து நிலையத்துப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களைத் தேடி வருகிறவர்களும் வருவதில்லை. மருந்துக்கடை அக்காவின் கடையில் மருந்து வாங்க வந்தவர்கள் உள்ளேயே நெருக்கியடித்து நின்றார்கள், அவள் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தாள். நியாயம் வீட்டிலேயே இருந்தார். அவர் வீட்டுச் சண்டை முக்குவரை கேட்டது. ஒருவரை ஒருவர் தினம் பார்த்துக்கொண்டிருந்த தெருவில் இப்போது ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்தபடியே சலூன்காரரைத் திட்டினார்கள்.

மனைவி ஜன்னலுக்குக் கெட்டிப் போர்வையைத் தொங்கவிட்டாள். அந்த இருட்டில் தைக்க முடியாது. வாரத்தில் பாதி நாள் ஈரத் துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு நாள் அவர் துணியை நனைத்துக்கொண்டு வந்தபோது கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “ஊரே உங்க போர்டைப் பார்க்கட்டும். என்னால அந்தப் பக்கம் திரும்பக்கூட முடியல.” அவர் துணியைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

பலகை என்னவோ நன்றாகத் தெரிந்தது. முக்கிலிருந்தும் தெரிந்தது, பேருந்து நிலையத்திலிருந்தும் தெரிந்தது. மச்சினன் வந்து பார்த்துவிட்டு முதல் முறையாக ஒன்றும் சொல்லாமல் போனான்.

அப்படி ஒரு மதியம், ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது கடைப் போன் அடித்தது. ஒரு வாலிபக் குரல். ஊருக்குப் புதுசு, வேலைக்கு வந்திருக்கிறேன், ஆபீசில் உங்கள் நம்பரைக் கொடுத்தார்கள் என்றது.

“அண்ணே, மரத்தடி சலூன்தானே? சொன்ன தெருவுக்குத்தான் வந்திருக்கேன். இங்க ஒரு மரத்தையும் காணோமே. எந்தப் பக்கம் வரணும்?”

சலூன்காரர் திரையை விலக்கினார். வாசலில், பலகைக்கு நேர் கீழே, ஒட்ட வெட்டிய அடிமரத்தின் மேலேயே ஒருவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மரத்தடி சலூன். இத்தனை வருஷமாக ஊர் கடைக்கு வைத்திருந்த பெயர் அதுதான். பலகையில் இருந்த பெயரை இதுவரை ஒருவரும் வாயால் சொல்லி அவர் கேட்டதில்லை.

“தலைக்கு மேல பாருங்க தம்பி. போர்டு இருக்கும்.”

அவன் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்தான். உடனே முகத்தைச் சுளித்துக் குனிந்துவிட்டான். “போர்டுல வெயில் பட்டுக் கண்ணு கூசுதுண்ணே. ஒண்ணும் தெரியல.”

சலூன்காரர் கதவைத் திறந்து அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டைப் போர்த்தினார். தண்ணீர் கொடுத்தார். அவன் ஒரே மூச்சில் குடித்தான்.

“எப்படி வெட்டணும் தம்பி?”

“வெயில் தாங்கலண்ணே” என்றான் அவன். “ஒட்ட வெட்டிடுங்க.”

சலூன்காரர் எடுத்த கத்தரிக்கோலைத் திரும்ப வைத்தார். கண்ணாடியில் அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

“ஒட்டன்னா?” என்று கேட்டார். “எதுவரைக்கும்னு கொஞ்சம் தெளிவாச் சொல்லிடுங்க தம்பி.”